மலைமகனின் கணக்கை எழுதப் போவது யார்?

சவ்வாது மலையின்மேல் காவலூர் என்றோர் ஊர் உண்டு. அவ்வூரிலிருந்து அறிஞர்கள் வானத்தை அளக்கின்றனர். 1968-ஆம் ஆண்டில் 38 செண்டிமீட்டர் அகல ஆடி கொண்ட சிறு தொலைநோக்கியொன்றோடு தொடங்கிய வானாய்வு நிலையம், 1986 முதல் 2.3 மீட்டர் அகல ஆடி கொண்ட பெருந்தொலைநோக்கியை உடையதாய் விளங்குகின்றது. அதனை அங்கு நிறுவ உழைத்த வைணு பாப்பு என்னும் அறிவியலறிஞரின் பெயரே அந்நிலையத்திற்கு வழங்குகின்றது. வியாழனைச் சுற்றும் கானிமீடு என்னும் நிலவுக்கு வளிப்படலம் உண்டு என்பதற்கான அடையாளம் 1972-இலும், யுரேனசு என்னும் கோளைச் சுற்றி வளையங்கள் உண்டு என்பதற்கான சான்று 1977-இலும் அம்மலையிலிருந்து நோக்கியோர்க்குக் கிட்டின. இரவெல்லாம் கண்விழித்து, நொடி நொடியாய்க் குறித்து, ஒரு புள்ளி ஒளியின் ஏற்ற இறக்கத்தைக் கணக்கிட்டுப் பெற்ற அறிவு அது. அவ்வறிவைப் போற்றுவது தமிழர் கடன்.

ஆனால், அதே மலையில் வாழும் மலைமகனின் வாழ்வை அதே கண்விழிப்போடும் அதே நுணுக்கத்தோடும் அளந்து, அவன் மொழியிலேயே எழுதி, அவன் கையில் கொடுத்த ஏடு எது? ஒரு குடும்பம் ஓராண்டில் எத்தனை மூட்டை சாமை விளைக்கின்றது? அம்மூட்டைக்கு மலையடிவாரத்து வணிகன் தந்த விலை என்ன? நகரத்துக் கடையில் அது விற்ற விலை என்ன? வீட்டின் மூத்த மகன் கன்னட நாட்டுக் காப்பித் தோட்டத்தில் எத்தனைத் திங்கள் கழிக்கின்றான்? பள்ளியில் சேர்ந்த பெண்பிள்ளை எந்த வகுப்போடு நின்றாள், ஏன் நின்றாள்? கோடி கோடிக் கல் தொலைவிலுள்ள கோளின் வளையத்திற்குக் கணக்கு உண்டு. கூப்பிடு தொலைவிலுள்ள குடிசையின் அடுப்புக்குக் கணக்கு எங்கே?

அம்மலையின் மக்களை அரசுப் பட்டியல் 'மலையாளி' என்று குறிக்கும். கேரளத்தாரைச் சுட்டும் பெயரன்று அது. மலையை ஆள்வோர் என்னும் பொருளில் வழங்கும் பெயர். அவர்தம் மொழி தமிழ். சவ்வாது, கல்வராயன், சேர்வராயன், கொல்லி, பச்சை, சித்தேரி எனப் பல மலைகளில் பரந்து வாழும் இவர்கள், 2011-ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கின்படி மூன்றரை இலக்கத்திற்கும் மேற்பட்டவர். தமிழ்நாட்டுப் பழங்குடியினருள் மிகப் பெருந்தொகையினர். இத்துணைப் பெரிய மக்கட்கூட்டத்தைப் பற்றிய முடிவுகள் நாள்தோறும் எங்கோ எழுதப்படுகின்றன. எழுதுவோர் யார்? எம்மொழியில் எழுதுகின்றனர்? இவ்விரு வினாக்களுக்கும் விடை தேடாமல் மலைவளர்ச்சி என்று பேசுவது வெறும் வாய்ப்பந்தல்.

பெயரறியாத் தொழில்

'பொதுக் கொள்கை ஆய்வு' என்று இக்கால் ஒரு தொழில் வளர்ந்து நிற்கின்றது. அரசு ஒன்றைச் செய்யுமுன் அதனை எண்ணிப் பார்ப்பதும், செய்தபின் அதனை அளந்து பார்ப்பதும் அத்தொழிலின் வேலை. எந்த ஊருக்குச் சாலை முதலில் வேண்டும்? எந்தப் பயிருக்கு விலை குறிக்க வேண்டும்? ஒதுக்கிய பணம் உரியவனைச் சென்றடைந்ததா? இவற்றையெல்லாம் அமைச்சர் ஒருவரே அமர்ந்து கணக்கிடுவதில்லை. அவர்முன் ஓர் அறிக்கை வைக்கப்படுகின்றது. அவ்வறிக்கையை எழுதுகின்ற கை, ஆட்சியின் கையை அசைக்கின்ற கை.

அக்கைகள் இயங்கும் இடங்கள் பல. தில்லியில் 1950 முதல் இருந்து வந்த திட்டக்குழுவின் இடத்தில் 2015 சனவரி முதல் 'நிதி ஆயோக்' அமர்ந்துள்ளது. தமிழ்நாட்டில் 1971-இல் மாநிலத் திட்டக்குழு தோன்றியது. அதே ஆண்டில் மால்கம் ஆதிசேசையா சென்னை வளர்ச்சி ஆராய்ச்சி நிறுவனத்தைத் தொடங்கினார். உதகையை அடுத்துப் பழங்குடியினர் ஆய்வு நடுவம் உள்ளது. அரசின் புள்ளியியல் துறையும் மதிப்பீட்டுத் துறையும் உள்ளன. 2022-இல் முதலமைச்சரின் புத்தாய்வுத் திட்டம் என்ற பெயரில் இளைஞர்களைத் தேர்ந்து ஆட்சிப் பணிகளை ஆராய அமர்த்தும் ஏற்பாடும் வந்தது. பல்கலைக்கழகங்களும், அறநிறுவனங்களும், கூலிக்கு ஆய்வு செய்து தரும் குழுமங்களும் வேறு.

தமிழ்வழி கற்ற சிற்றூர் இளைஞன் ஒருவனை நிறுத்தி, என்னவாகப் போகின்றாய் என்று கேட்டால், மருத்துவன் என்பான், பொறிஞன் என்பான், ஆசிரியன் என்பான், காவலர் தேர்வுக்கு ஓடிப் பழகுகின்றேன் என்பான். கொள்கை ஆய்வாளனாகப் போகின்றேன் என்று சொல்வானா? அப்படி ஒரு தொழில் உண்டென்பதையே அவனுக்கு எவரும் சொல்லவில்லை. தன் ஊரைப் பற்றி எழுதும் தொழில் ஒன்று உண்டென்றும், அதற்கு ஊதியமும் உண்டென்றும் அறியாமலேயே அவன் வளர்கின்றான். அவன் ஊரைப் பற்றி எழுத வேறொருவன் வருகின்றான். வருபவன் ஆங்கிலத்தில் வருகின்றான்.

கேட்கப்படாத கேள்வியின் விலை

இதனால் விளைவதென்ன என்பார் உளராயின், அவர் 2015-ஆம் ஆண்டு ஏப்பிரல் 7-ஆம் நாளை நினைத்துப் பார்க்க. அன்று ஆந்திரத்துச் சேசாசலக் காட்டில் இருபது தமிழர் காவல்துறையினரால் சுட்டுக் கொல்லப்பட்டனர். செம்மரம் வெட்டக் கூலிக்கு வந்தவர்கள் அவர்கள் என்பது காவல்துறை கூறிய செய்தி. மாண்டவருள் பலர் சவ்வாது மலையினர். சித்தேரி மலையினரும் அவருள் இருந்தனர். அதன்பின் உண்மையறியும் குழுக்கள் மலையேறின. செய்தியாளர் ஏறினர். கட்சிக் கொடிகள் ஏறின. அவர்கள் ஏறியது தக்கதே. ஆனால் பிணங்கள் ஏறிய பின்னரே அவர்கள் ஏறினர்.

ஒரு மலையின் இளைஞர் உயிர்க்கு அஞ்சாது வேற்றுக் காட்டுக்குள் நுழைகின்றனர் என்றால், அஃது ஓர் இரவில் முளைத்த செயலன்று. முன்பணம் எவன் கையிலிருந்து வந்தது? ஊரில் ஒரு நாட்கூலி என்ன, அங்கே என்ன? கடனுக்கு வட்டி என்ன? கொல்லை ஏன் கைவிடப்பட்டது? இக்கேள்விகளை ஒருவன் ஐந்தாண்டு முன்னரே வீடு வீடாய்க் கேட்டு, எண்களோடு அடுக்கி, அரசின் மேசைமேல் வைத்து, மறுபடியும் மறுபடியும் தட்டியிருந்தால், இருபது பேரும் பிழைத்திருப்பர் என்று உறுதி கூற எவராலும் இயலாது. ஆனால் அறியவில்லை என்று ஆட்சியாளர் சொல்லித் தப்ப முடியாத நிலையாவது தோன்றியிருக்கும்.

சாமையை எடுத்துக்கொள்க. மலையின் உணவும் அதுவே, விற்பனைப் பொருளும் அதுவே. ஒன்றிய அரசு ஆண்டுதோறும் குறைந்தளவு ஆதரவு விலை அறிவிக்கும் பயிர்களுள் சோளம் உண்டு, கம்பு உண்டு, கேழ்வரகு உண்டு. சாமைக்குத் தன் பெயரில் இடமில்லை. 2023-ஆம் ஆண்டை உலக நாடுகள் அவை சிறுதானிய ஆண்டென்று கொண்டாடியது. மேடைதோறும் சாமைச் சோறு புகழப்பட்டது. சத்தீசுகர் அரசோ அதற்கு முன்னரே, 2021-இல், வரகுக்கும் சாமைக்கும் தானே விலை குறித்துக் கொள்முதல் செய்ய முற்பட்டது. அங்கே எவனோ ஒருவன் அமர்ந்து விளைச்சலையும் செலவையும் கணக்கிட்டிருக்கின்றான்; அக்கணக்கு ஆள்வோர் காதில் ஏறியிருக்கின்றது. சவ்வாது மலைச் சாமைக்கு அக்கணக்கைப் போடும் ஆள் யார்?

இன்னொன்று. 2011 சூன் முதல் தமிழ்நாட்டில் நியாயவிலைக் கடையில் அரிசி விலையின்றி வழங்கப்படுகின்றது. பசித்த வயிற்றை ஆற்றிய நல்ல திட்டம் அது. ஆனால் கீழ்நிலத்து அரிசி மலையேறியபோது மலையின் சாமைக் கொல்லைக்கு என்ன நேர்ந்தது? அதை அளந்து பார்ப்பது அத்திட்டத்தைப் பழிப்பதாகாது. அரிசியோடு சாமையையும் அரசே மலையில் வாங்கி மலையிலேயே வழங்கினால் செலவென்ன, பயனென்ன என்று கணக்கிட்டுச் சொல்வதற்கே கொள்கை ஆய்வு என்று பெயர். புகழ்பாடுவோரும் வசைபாடுவோரும் மலிந்த நாட்டில் கணக்குப் போடுவோர்க்குத்தான் பஞ்சம்.

சட்டத்தில் இருந்தும் கையில் இல்லை

2023 மே திங்களில், இம்மலைத்தொடரின் வேலூர் மாவட்டப் பகுதியைச் சேர்ந்த அல்லேரியில், ஒன்றரை அகவைக் குழந்தை ஒன்று பாம்பு தீண்டி, மருத்துவமனைக்குச் செல்லும் வழியிலேயே இறந்தது. உடலைத் திரும்பக் கொண்டுவந்த ஊர்தி, சாலையின்மையால் இடைவழியில் நின்றுவிட்டது. எஞ்சிய தொலைவெல்லாம் தாய் அவ்வுடலைக் கையிலேந்தி நடந்தாள். நாடே அப்படத்தைப் பார்த்துக் கண்ணீர் விட்டது. இடையிலே காடு, காட்டுத்துறையின் இசைவு வேண்டும், இதுவே மலைச்சாலைகளுக்கு எப்போதும் சொல்லப்படும் கரணியம்.

ஆனால் சட்டம் என்ன சொல்கின்றது? 2006-ஆம் ஆண்டின் காட்டுரிமைச் சட்டம், மூன்றாம் பிரிவின் இரண்டாம் உட்பிரிவில், காட்டில் வாழும் மக்களுக்குப் பள்ளி, மருந்தகம், குடிநீர், சாலை போன்றவற்றை அமைக்க வழி விட்டிருக்கின்றது. ஒவ்வொரு பணிக்கும் எடுக்கும் நிலம் ஓர் எக்டேருக்குக் குறைவாய் இருக்க வேண்டும். எக்டேருக்கு எழுபத்தைந்து மரங்களுக்கு மேல் வெட்டலாகாது. ஊர்மன்றம் பரிந்துரைக்க வேண்டும். அவ்வளவே. சாலை எவ்வளவு நீளம், எவ்வளவு அகலம், எத்தனை மரம் விழும் என்று அளந்து, அப்பிரிவைச் சுட்டி, ஊர்மன்றத் தீர்மானமாய் எழுதித் தர ஓர் ஆள் வேண்டும். அந்த ஆள் வழக்கறிஞனாய் இருக்கத் தேவையில்லை. பொறிஞனாய் இருக்கத் தேவையில்லை. ஆய்வறிந்த ஓர் இளைஞன் போதும். அவன் அம்மலையினனாகவே இருக்கலாம். சட்டம் ஏட்டில் கிடந்தது. தாய் வழியில் நடந்தாள். ஏட்டுக்கும் வழிக்கும் இடையில் இருக்க வேண்டிய மனிதன் இல்லை.

அச்சட்டத்தின் கதையும் தனிக்கதை. 2007 திசம்பர் இறுதியில் அது நடைமுறைக்கு வந்தது. 2008-இல் சென்னை உயர் வழக்குமன்றம் இட்ட இடைக்கால ஆணையால் தமிழ்நாட்டில் உரிமை ஆவணம் வழங்குவது முடங்கிற்று. 2016-இல் உச்ச வழக்குமன்றத்தில் அம்முட்டு நீங்கும் வரை, ஏறத்தாழ எட்டாண்டுகள் போயின. பிற மாநிலத்துப் பழங்குடியினர் நிலவுரிமை ஆவணம் பெற்றுக்கொண்டிருந்த காலத்தில் தமிழ்நாட்டு மலைமகன் கைவிரித்து நின்றான். எத்தனைக் குடும்பம், எத்தனை நிலம், ஆண்டொன்றுக்கு எவ்வளவு இழப்பு என்ற கணக்கு ஊர்தோறும் ஒட்டப்பட்டிருக்குமாயின், எட்டாண்டுகள் அப்படி ஓசையின்றிக் கழிந்திருக்குமா?

பட்டியலில் உள்ள ஒரு சொல்லின் ஆற்றலையும் காண்க. பழங்குடியினர் பட்டியலில் 'மலையாளி' என்ற பெயரை அடுத்து, தருமபுரி, வடார்க்காடு, சேலம், தென்னார்க்காடு, திருச்சிராப்பள்ளி, புதுக்கோட்டை மாவட்டங்கள் என்று எல்லை கட்டப்பட்டுள்ளது. ஈரோட்டு மலைகளில் வாழும் அதே மக்கள் அவ்வெல்லைக்கு வெளியே நின்று பழங்குடிச் சான்றுக்காக நெடுங்காலமாகப் போராடி வருகின்றனர். மாவட்டப் பெயர்கள் சில ஒரு தாளில் இல்லாமற் போனதால் பிள்ளைகளின் படிப்பு மறிக்கப்படுகின்றது. தாளில் எழுதுவோர் கையில் எத்துணை ஆற்றல் இருக்கின்றது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுவதில்லை.

அடிவாரத்தோடு நின்ற ஆய்வு

ஆய்வே இந்நாட்டில் நடக்கவில்லையா? நடந்தது, உலகமே அறிய நடந்தது. 1915-இல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் இந்தியப் பொருளியல் பேராசிரியராக இங்கிலாந்திலிருந்து கில்பர்ட் சிலேட்டர் வந்தார். அவர் தம் மாணவர்கள் கையில் வினாநிரலைக் கொடுத்து, தத்தம் ஊருக்கே சென்று நிலம், கடன், கூலி, உணவு ஆகியவற்றை எழுதிவரச் செய்தார். 1918-இல் அவை நூலாயின. இந்தியச் சிற்றூர் ஆய்வுக்கு அது ஒரு தலைவாசல். அவ்வூர்களுள் ஒன்று தூசி. அன்றைய வடார்க்காட்டு மாவட்டத்தது. இன்று திருவண்ணாமலை மாவட்டத்தது. 1936, 1937 ஆண்டுகளில் தாமசும் இராமகிருட்டிணனும் அதே ஊர்களை மீண்டும் ஆராயச் செய்து வெளியிட்டனர்.

பின்னர் 1973, 1974 ஆண்டுகளில் கேம்பிரிட்சு, சென்னைப் பல்கலைக்கழகங்களின் அறிஞர்கள் அதே வடார்க்காட்டில் ஊர்களைத் தேர்ந்து நெல் வேளாண்மையின் மாற்றத்தை ஆராய்ந்தனர். 1977-இல் நூல் வந்தது. 1982 முதல் 1984 வரை, பன்னாட்டு உணவுக் கொள்கை ஆய்வு நிறுவனமும் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகமும் அங்கேயே மறுமுறை ஆராய்ந்தன. 1991-இல் நூல் வந்தது. பசுமைப் புரட்சி ஏழைக்கு நன்மை செய்ததா தீமை செய்ததா என்று உலகில் எங்கு வழக்காடினாலும் வடார்க்காட்டின் பெயர் அங்கு வரும்.

அந்நாளில் சவ்வாது மலையும் அதே வடார்க்காட்டு மாவட்டத்தில்தான் இருந்தது. ஆனால் அவ்வாய்வுகளின் கண் நெல்லின்மேல் இருந்தது. அடிவாரத்தோடு அது நின்றுவிட்டது. சாமை விளைப்பவன் அக்கண்ணில் படவில்லை. நெல் விளைப்பவனுக்கு மட்டும் என்ன கிட்டியது? அவன் வீட்டுக் கடனை இலண்டன் மாணவன் படித்தான். வாசிங்டன் அலுவலன் படித்தான். அவன் மகன் படிக்கத் தமிழில் அவை வந்தனவா? விடை சொன்னவனுக்கு விடை திரும்பவில்லை. ஊரின் வாயிலிருந்து எடுத்ததை ஊரின் காதுக்குத் திருப்பித் தராத ஆய்வு, பாதி ஆய்வே.

சிலேட்டர் அயலார், ஆயினும் அவர் வழி நுட்பமானது. ஊரை அறிய ஊர்மகனையே அனுப்பினார். நூறாண்டு கழிந்தபின்னும் அவ்வெளிய உண்மையைத் தமிழ்நாட்டு ஆய்வு நிறுவனங்கள் முழுமையாகக் கைக்கொள்ளவில்லை.

இருமுறை உருமாறும் சொல்

இன்று ஓர் ஆய்வு எவ்வாறு நடக்கின்றது? வினாநிரல் பெரும்பாலும் ஆங்கிலத்தில் எழுதப்படுகின்றது. அதனைத் தூக்கிக்கொண்டு மலையேறும் கூலி ஆய்வாளன், குடிசை வாயிலில் நின்று, தனக்குத் தோன்றியவாறு தமிழில் கேட்கின்றான். விடை மலைத்தமிழில் வருகின்றது. அதை மறுபடியும் ஆங்கிலமாக்கிக் கட்டத்தில் அடைக்கின்றான். இருமுறை உருமாறிய சொல் எண்ணாகி, எண் அட்டவணையாகி, அட்டவணை அறிக்கையாகி, அறிக்கை ஆணையாகி, இறுதியில் அதே குடிசையின் தலையில் விழுகின்றது.

'கூலி' என்று ஒருவன் சொல்கின்றான். கட்டத்தில் ஒரு குறி விழுகின்றது. ஆனால் அக்கூலி பக்கத்துக் கொல்லையில் களையெடுத்த கூலியா? காப்பித் தோட்டத்தில் ஆறு திங்கள் குடும்பத்தோடு கிடந்த கூலியா? முன்பணம் வாங்கிக்கொண்டு கழிக்க முடியாமல் உழைக்கும் கூலியா? வெளியில் சொல்ல இயலாக் கூலியா? சொல்லின் பின்னால் இருந்த அமைதியைக் கேட்கத் தெரியாதவன் எழுதிய குறி வெறுங்குறி. மலையாளி மக்கள் ஏரோடும் நிலத்தை உழவுகாடு என்றும், ஏரோடாச் சரிவைக் கொத்திப் பயிரிடும் நிலத்தைக் கொத்துகாடு என்றும் பிரித்து வழங்குவர். அவ்விரண்டையும் ஒரே ஆங்கிலச் சொல்லில் அடைத்தால், இரு வேறு உழைப்பும் இரு வேறு விளைச்சலும் ஒன்றாய்க் குழம்பும். குழம்பிய எண்ணின்மேல் எழுப்பிய திட்டம் குழம்பாது என் செய்யும்?

வேண்டிய திறங்கள்

எனவே இத்தொழிலுக்கு வரும் தமிழிளைஞன் எவற்றைக் கற்க வேண்டும்?

முதலாவது, கேட்கும் திறம். கேள்வியிலேயே விடையைத் திணிக்காமல் கேட்கவும், சொல்லாததைக் காத்திருந்து அறியவும், ஆடவர் சொன்னதைப் பெண்டிரிடம் ஒப்பிட்டுப் பார்க்கவும் பழகவேண்டும். நடையும் இதனுள் அடங்கும். ஊர்தி நிற்குமிடத்தோடு நிற்பவன் ஊர்தி செல்லும் ஊரை மட்டுமே அறிவான்.

இரண்டாவது, எண்ணறிவு. எத்தனை வீட்டைக் கேட்டால் ஊரை அறியலாம், எந்த வீட்டைத் தேர்வது, சராசரி எங்கே ஏய்க்கும், இரண்டு நிகழ்ச்சிகள் ஒருங்கே நடந்தால் ஒன்று மற்றொன்றுக்குக் கரணியமாகுமா என்பனவற்றை அறிவது. கணிப்பொறியில் அட்டவணை போடுவது எளிது. அந்த அட்டவணை பொய் சொல்லும் இடத்தைக் கண்டுபிடிப்பதே அரிது.

மூன்றாவது, ஆவண அறிவு. சட்டம், விதி, அரசாணை, பட்டா, அடங்கல், காட்டு எல்லை வரைபடம் ஆகியவற்றைப் படிக்கத் தெரிய வேண்டும். 2005-ஆம் ஆண்டின் தகவலறியும் உரிமைச் சட்டத்தைக் கருவியாய்ப் பிடிக்கத் தெரிய வேண்டும்.

நான்காவது, வரவு செலவு அறிவு. பழங்குடியினர்க்கெனத் துணைத்திட்டம் வகுக்கும் முறை 1970-களிலேயே வந்துவிட்டது. ஒதுக்கியது எவ்வளவு, செலவானது எவ்வளவு, திரும்பிப் போனது எவ்வளவு, செலவானதில் மலையேறியது எவ்வளவு என்று படிப்படியாய்த் துருவ வேண்டும்.

ஐந்தாவது, எழுத்து. ஊர்மன்றத்தில் படித்தால் பாட்டிக்கும் விளங்க வேண்டும். அமைச்சர் மேசையில் வைத்தால் மறுக்க இயலாதிருக்க வேண்டும்.

ஆறாவதும் தலையாயதும் நெஞ்சுரம். தனக்கு உவப்பான முடிவுக்கு எண்ணை வளைக்காதிருத்தல். தன் கட்சிக்கு ஒவ்வாத உண்மையையும் மறைக்காதிருத்தல். பணம் தந்தவன் விரும்பிய விடையை எழுத மறுத்தல். இஃதில்லையேல் முன் சொன்ன ஐந்தும் விலைபோகும் சரக்கு.

மறுப்பார்க்கு விடை

தமிழில் இவ்வாய்வுக்குச் சொல்லில்லை என்பார் சிலர். சொல்லில்லாமலா மலைமகன் நிலத்தை உழவுகாடென்றும் கொத்துகாடென்றும் பிரித்தான்? சென்னை வளர்ச்சி ஆராய்ச்சி நிறுவனத்தின் இயக்குநராயிருந்த பொருளியலறிஞர் நீலகண்டன், கொங்கு நாட்டின் நகரத்தையும் சிற்றூரையும் ஒப்பிட்டு ஒரு முழு நூலையே தமிழில் எழுதிக் காட்டியுள்ளார். ஒருவர் செய்ததை நூறு பேர் செய்யாதிருப்பது மொழியின் குறையன்று. நூறு பேரின் குறை.

ஆங்கிலமின்றி உலக ஆய்வை எங்ஙனம் அறிவது என்பார் வேறு சிலர். ஆங்கிலம் கற்க வேண்டா என்று எவர் சொன்னார்? கற்க, நன்றாகக் கற்க, உலகம் முழுவதையும் படிக்க. ஆனால் படிப்பதற்கு ஒரு சாளரம் வேண்டுமென்பதால் வீட்டின் வாயிலையே அடைத்துவிடுவதா? 1956-இலேயே தமிழை ஆட்சிமொழியாக்கிச் சட்டம் இயற்றிய நாடு இது. அந்நாட்டு மலையைப் பற்றிய அறிக்கை அம்மலைக்கு விளங்கா மொழியில் இருப்பது யார் குற்றம்? தகவலறியும் உரிமைச் சட்டத்தின் நான்காம் பிரிவே, மக்களுக்குத் தரும் செய்தியில் உள்ளூர் மொழியைக் கருத்திற் கொள்ள வேண்டுமென்று பணிக்கின்றது. தமிழில் கேட்பது இரவலன்று, உரிமை.

இனித் தமிழ்ப்பற்றாளர்க்கும் ஒரு சொல். மேடையில் எழும் முழக்கம் சாமையின் விலையை ஒரு காசும் உயர்த்தாது. தமிழ் வாழ்க என்று சுவரில் எழுதிய கை, மலையூரின் பள்ளியில் எத்தனை ஆசிரியர் இடம் வெறுமையாய்க் கிடக்கின்றது என்று ஒரு தாளில் எழுதியதா? தமிழைப் பாட்டிலும் பழம்பெருமையிலும் மட்டும் வைத்துக் காத்துவிட்டு, விலை, நிலம், கூலி, சட்டம் என்ற நான்கையும் ஆங்கிலத்திற்குத் தாரை வார்த்துவிட்டால், எஞ்சுவது கோயில் மொழியே, ஆளும் மொழியன்று. மொழியைக் கொண்டு ஆளாதவன் மலையையும் ஆளான்.

செய்ய வேண்டுவன

அரசு செய்ய வேண்டுவது மிகுதியன்று. பொதுப்பணத்தில் நடக்கும் ஆய்வு ஒவ்வொன்றும் தமிழிலும் வெளிவர வேண்டும். ஆய்ந்த ஊரின் மன்றத்தில் அது படித்துக் காட்டப்பட வேண்டும். ஊரார் மறுத்துச் சொன்னது அறிக்கையோடு இணைக்கப்பட வேண்டும். வினாநிரல் தமிழிலேயே எழுதப்பட்டு, மக்கள் சொன்ன சொல் சொன்னவாறே பதிந்து காக்கப்பட வேண்டும். மலையின் பள்ளிகளில் படித்து வெளிவரும் இளைஞரையும் இளம்பெண்களையும் தேர்ந்து, ஊதியத்தோடு இத்தொழில் பயிற்றிச் சமுனாமரத்தூரிலேயே ஓர் ஆய்வு நிலையம் அமைக்க வேண்டும். வானத்தை அளக்க அம்மலையில் ஒரு நிலையம் இருக்கலாமெனில், வாழ்வை அளக்க ஒரு நிலையம் ஏன் இருத்தலாகாது?

பல்கலைக்கழகங்கள், பொருளியலிலும் குமுகவியலிலும் ஆட்சியியலிலும் தமிழில் ஆய்வேடு எழுதுவோரை இரண்டாந்தரமாய் நோக்கும் இழிவை விட வேண்டும். இளைஞர் தம் கடனையும் அறிக. அரசு அமர்த்தும் வரை காத்திருக்கத் தேவையில்லை. ஒரு குறிப்பேடு, ஓர் எழுதுகோல், நடக்கும் கால், பொய்க்காத நெஞ்சு. தம் ஊரின் ஐம்பது வீட்டைக் கேட்டு எழுதத் தொடங்குவதற்கு இவை போதும். சிலேட்டரின் மாணவர் விடுமுறையில் செய்தது அவ்வளவே.

காவலூரில் இன்றிரவும் வானம் தெளிந்திருந்தால் தொலைநோக்கி திறக்கும். அளப்போர் கண்விழித்திருப்பர். அதே இருளில், கீழே ஒரு குடிசையில், மகன் எந்தக் காட்டுக்குப் போனான் என்றறியாமல் ஒரு தாயும் கண்விழித்திருப்பாள். அவள் விழிப்பின் கணக்கைத் தமிழில் எழுதும் மகனோ மகளோ அம்மலையிலிருந்தே எழ வேண்டும். அதுவரை ஆட்சியின் ஏட்டில் சவ்வாது மலை இருக்கும். சவ்வாது மலையின் மக்கள் இருக்க மாட்டார்கள்.